இடுப்பில் கிடந்த முள்வாங்கி

என் வேட்டி இந்த நாற்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பலர் அறிய அவிழ்ந்திருக்கிறது. கல்யாணப் பந்திக்கு முண்டியடித்தபோது அவிழவில்லை. அம்மன் கொடையில் நெரிசலுக்குள் மாட்டி நசுங்கியபோதும் அவிழவில்லை. கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில், குளுகுளு ஏ.சி. அறையில், முன்பின் தெரியாத ஒரு பெண் முன்னாலும் கூடப் பிறந்த அக்கா முன்னாலும் அவிழ்ந்தது. அவிழ்த்தது மனுஷர் யாருமில்லை. ஒரு காந்தம்.

இதில் பெரிய கேவலம் என்னவென்றால், எனக்குச் சோறு போடுவதே காந்தம்தான். நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும் பெட்டி அடுக்குவதும் நான்தான். ஸ்பீக்கரைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு காந்தமும் கொஞ்சம் கம்பியும் ஒரு காகிதக் கூம்பும். இருபது வருஷமாக அதைப் பிரித்து மாட்டி வருகிறவன், காந்தத்தைப் பற்றி நாலு பேருக்கு வகுப்பு எடுக்காமல் இருக்க முடியுமா? கடைக்கு டீ கொண்டு வருகிறவர்கூடத் தப்பிக்க முடியாது. (அவர் இப்போதெல்லாம் கிளாஸை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.)

என் வகுப்பு இப்படித்தான் ஆரம்பிக்கும். பசுவந்தனை போகிற மினிபஸ் ஐப்பசி மழையில் கரிசல் சகதிக்குள் பதிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் இறங்கித் தள்ளுகிறார்கள். ஆளாளுக்கு ஒரு பக்கம் தள்ளினால் பஸ் அசையாது. எல்லோரும் ஒரே பக்கம் தள்ளினால் ஏறி வந்துவிடும். இரும்புக்குள்ளும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் எக்கச்சக்கம். சாதாரண ஆணிக்குள் அவை ஆளுக்கொரு திசையில் நிற்கும். காந்தத்துக்குள் ஒரே திசையில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, ஒரு காந்தத்துக்கு இருக்கிற பலம் இன்னொன்றுக்கு ஏன் இல்லை? அங்கேதான் நான் குரலை இறக்குவேன். தள்ளுகிற ஆட்களின் லட்சணம் அப்படி. பழைய ஸ்பீக்கர் பின்னால் கறுப்பாக, தோசைக்கல் கனத்துக்கு இருக்குமே, அது இரும்புத் துருவோடு வேறு ஒரு பொடியைச் சேர்த்துச் சுட்டு எடுத்தது. அதற்குள் இருக்கிறவர்கள் ஒரே பக்கம்தான் தள்ளுவார்கள், ஆனால் ஆள் ஒவ்வொன்றும் சோப்ளாங்கி. அதனால்தான் கூட்டம் அதிகம் வேண்டியிருக்கிறது, காந்தமும் பெரிசாக இருக்கிறது. இப்போது வருகிற வெள்ளை வெளேர் நியோடிமியம் காந்தத்தில் ஆள் ஒவ்வொருவரும் பயில்வான். போதாக்குறைக்குப் பிடிவாதக்காரர்கள். பக்கத்தில் நின்று யார் எந்தப் பக்கம் கூப்பிட்டாலும் முகத்தைத் திருப்பமாட்டார்கள். அதனால் கால்வாசி அளவுக்குள் முழுப் பலம் வந்துவிடுகிறது. அந்தக் காந்தத்தையே சூடு பண்ணிப் பாருங்கள், சித்திரை வெயிலில் நிழல் தேடி ஓடுகிற மாதிரி ஆளாளுக்குக் கலைந்துவிடுவார்கள். பின்பக்கம் ஒரு இரும்புத் தட்டு வைத்தால் வீணாகப் போகிற பலமும் முன்பக்கம் வந்து சேரும். கொஞ்சம் தள்ளிப் போனாலோ பலம் பொசுக்கென்று விழுந்துவிடும்.

கடைசியாக ஒன்று சொல்லி வகுப்பை முடிப்பேன். கம்பியைச் சுற்றிக் கரண்ட் விட்டால் அதுவும் காந்தம், கரண்டை நிறுத்தினால் வெறும் கம்பி. இந்த வாக்கியத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கடைக்கு வருகிறவர்களிடம் ஆயிரம் தடவை சொன்னது. என் வேட்டிக்கு எமனாக வந்ததும் அதுதான்.

எட்டு வருஷத்துக்கு முந்திய கதை இது. என் அக்கா பேச்சியம்மாளைப் பசுவந்தனைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. பருத்தி, உளுந்து, கம்பு என்று மழைக்கு மானத்தைப் பார்த்து நடக்கிற வெள்ளாமை. வருஷம் பூராவும் காட்டில் கிடக்கிற மனுஷி. ஒரு நாள் பருத்தி மூட்டையைத் தூக்கும்போது இடுப்பில் ‘சுரீர்’ என்றிருக்கிறது. தைலம் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், ஒரு மாசம் ஓட்டிவிட்டாள். அப்புறம் ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பி வந்தவளைப் பார்த்து அத்தான் கேட்டிருக்கிறார், “ஏட்டி, எடது கால் செருப்பு எங்க?” அக்கா குனிந்து பார்த்தாள். செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பாதம் மரத்துப்போய், தூக்க முடியாமல் தொங்க ஆரம்பித்திருந்தது.

கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் மதுரையிலிருந்து முதுகெலும்பு டாக்டர் வருவார். மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். அக்காவின் பாதத்தைத் தட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. “நரம்பு நசுங்குது. எங்க, எவ்வளவுன்னு எம்.ஆர்.ஐ. பாத்தாத்தான் கத்தி வைக்க முடியும். மூணு மணிக்குள்ள படம் என் கையில இருக்கணும். அடுத்த வாரம்னு தள்ளுனா, இந்தப் பாதம் திரும்ப எந்திரிக்குமாங்கிறதுக்கு நான் உத்தரவாதம் இல்ல” என்றார். அப்போது மணி பன்னிரண்டே கால்.

என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். அவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டேன். ஆட்டோ பிடித்து மூன்று பேரும் ஸ்கேன் சென்டருக்குப் போனோம். புரோட்டா கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்த கட்டடம் அது.

அங்கே மிஷினைப் பார்த்துக்கொண்டது சபீனா என்ற பெண். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். தலையையும் கழுத்தையும் சுற்றி முக்காடு கட்டியிருந்தார். அதில் ஒரு ஊசி, ஒரு பின் கிடையாது. முனையில் துணியாலேயே காது தைத்து அதற்குள் சொருகியிருந்தார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

“யம்மா, உங்க மேல இரும்பு, நகை எதுவும் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் கழத்திருங்க” என்றார்.

கொண்டை ஊசி வந்தது. வளையல், மெட்டி வந்தது. அப்புறம் தாலிச் சங்கிலி. அதைக் கழற்றச் சொன்னதும் அக்கா முகம் சுருங்கிவிட்டது. “அத மட்டும் விட்ருங்கம்மா. ஆபரேசன்னு வந்த எடத்துல, அவிய ஒக்காந்திருக்கையிலயே அதக் கழத்துனா மனசு கேக்காது” என்று அத்தானைப் பார்த்தாள். சபீனா மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறுகள் கத்தையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து அத்தான் கையில் கொடுத்து, “இத நீங்களே கட்டி விடுங்க. பொறவு சங்கிலியக் கழத்துங்க” என்றார். அத்தான் வெட்கத்தோடு முடிச்சுப் போட்டார். (இரண்டாவது கல்யாணம், அதே பெண்ணோடு.) அக்காவுக்கு அந்தக் கணமே சபீனாவைப் பிடித்துப்போய்விட்டது. எனக்கும்தான்.

கழற்றிய சங்கிலியில் ஏழு ஊக்கு தொங்கியது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

“யக்கா, ஒரு ஃபேன்சி ஸ்டோரையே கழுத்துல தொங்கவிட்டிருக்க. மெசினுக்குள்ள போயிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்” என்றேன்.

அக்கா கேலியைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே இருந்த குழாய் மாதிரியான மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். “குழிக்குள்ள எறக்குற மாதிரில்லா இருக்கு. எய்யா, நீ உள்ள வந்து நின்னாத்தான் நா படுப்பேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சபீனா கொஞ்சம் யோசித்தார். “அண்ணாச்சி, கதவுகிட்ட ஒரு செகப்புக் கோடு இருக்கு. அங்கன நிக்கலாம். கோட்டத் தாண்டக் கூடாது. உங்க மேலயும் இரும்பு இருக்கக் கூடாது” என்றார்.

நான் பெருமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். செல்போன், பர்ஸ், சாவிக்கொத்து, சட்டைப் பையிலிருந்த டெஸ்டர், இடுப்பிலிருந்த பச்சை பெல்ட். எல்லாவற்றையும் அத்தான் துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

“இடுப்புல, அரணாக்கயித்துல ஏதும் கெடக்கா?” என்று கேட்டார் சபீனா.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிடந்தது. எங்கள் பக்கம் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி இல்லாத ஆம்பளை குறைவு. ஒரு இரும்பு வளையத்தில் முள்ளைப் பிடித்து இழுக்கிற குறடு, தோண்டி எடுக்க ஒரு ஊசி, காது குடைய ஒரு சின்னக் கரண்டி, மூன்றும் சேர்ந்து தொங்கும். கால் வைக்கிற இடமெல்லாம் கருவேல முள். குழாய் கட்ட மரம் ஏறி இறங்கினால் குறைந்தது இரண்டு முள்ளாவது உள்ளங்காலில் இருக்கும். கொல்லர் பட்டறையில் அடித்த அசல் இரும்பு. சபீனா கேட்டதும் எனக்கு ஞாபகமும் வந்தது. ஆனால் கல்யாணமாகாத ஒரு பெண் முன்னால் வேட்டி மடிப்பை விலக்கி அரைஞாண் கயிற்றை அவிழ்ப்பதா? கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிற்கப் போகிறோம், தள்ளி நின்றால் பலம் பொசுக்கென்று விழுந்துவிடுமே, எனக்குத் தெரியாததா?

“ஒண்ணுங் கெடையாதும்மா” என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? “இதுக்குள்ள எத்தன கிலோ காந்தம் வச்சிருக்காவ? நம்மகிட்ட பதினெட்டு இஞ்சு பேஸ் ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கு. அதுல ஸ்பானர் ஒட்டுனா ரெண்டு ஆள் நின்னு இழுக்கணும்” என்று ஆரம்பித்தேன்.

“இதுல கல்லுக் காந்தம் இல்ல அண்ணாச்சி. கம்பிச் சுருள்தான். ஆனா இது எப்பவுமே...”

“தெரியும், தெரியும். கரண்ட் காந்தம்! கரண்ட் விட்டாக் காந்தம், நிறுத்துனாக் கம்பி. நாங்க பாக்காததா?”

சபீனா என்னை ஒரு பார்வை பார்த்தார். “கோட்டத் தாண்டாதீங்க” என்று மட்டும் மறுபடி சொல்லிவிட்டு அக்காவைப் பலகையில் படுக்க வைக்கப் போனார். அன்றைக்கு அவரை அந்த வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

அக்காவைப் படுக்க வைத்து, காதில் பஞ்சு வைத்து, இடுப்புக்கு அடியில் ஏதோ மெத்தை மாதிரி ஒன்றை வைத்து, தலை மட்டும் வெளியே இருக்கிற மாதிரி பலகையை மிஷினுக்குள் நகர்த்திவிட்டு, சபீனா பக்கத்து அறைக்குக் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனார். நான் கோட்டில் நல்ல பிள்ளையாக நின்றேன். இடுப்பில் லேசாக ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. ஏ.சி. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கரண்ட் போனது.

ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலில் கும்மிருட்டு. அக்கா போட்ட அலறல் என் எந்தக் குழாயிலும் வராத சத்தம். “ஏலே தம்பி! கண்ணு தெரியலயே! கால அசைக்க முடியலயே! எய்யா, எங்கலே இருக்க?”

காலில் உணர்ச்சியில்லாத ஒரு மனுஷி இருட்டுக்குள் பலகையில் கிடந்து கூப்பிடும்போது எந்தத் தம்பி கோட்டைப் பார்ப்பான்? இருந்தாலும் நான் யோசிக்காமல் பாயவில்லை, அதுதான் விசேஷம். அந்த ஒரு விநாடியில் அறிவியல் பூர்வமாக யோசித்தேன். கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லை என்றால் காந்தம் இல்லை. ஆகவே முள்வாங்கியால் பாதகமில்லை. “இந்தா வந்துட்டேன் யக்கா” என்று கோட்டைத் தாண்டினேன்.

முதல் அடியில் இடுப்பில் யாரோ சுண்டினார்கள். இரண்டாவது அடியில், திருவிழாவில் பஞ்சு மிட்டாய் கேட்கிற பிள்ளை வேட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி அரைஞாண் கயிறு முன்பக்கம் விறைத்தது. கையை வைத்துப் பார்த்தேன். வேட்டி மடிப்புக்குள் தொங்க வேண்டிய முள்வாங்கி, மடிப்பைக் கிழித்துக்கொண்டு, மிஷினைப் பார்த்து நேராக நீட்டிக்கொண்டு நின்றது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அது என்னைக் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாவது அடியில் கயிறு ‘பட்’ என்று அறுந்தது. இருட்டில் ‘விர்’ என்று ஒரு சத்தம். ‘டங்’ என்று இன்னொரு சத்தம்.

பெல்ட் இல்லாத என் வேட்டி அதுவரை நம்பிக்கொண்டிருந்தது அந்தக் கயிற்றைத்தான். இப்போது அதுவும் இல்லை. வேட்டி கணுக்காலில் போய் உட்கார்ந்ததும் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்து விளக்குகள் எல்லாம் எரிந்தன. (ஜெனரேட்டருக்கு என்மேல் என்ன விரோதமோ, ஒரு அரை நிமிஷம் பொறுத்திருக்கலாம்.) பட்டாப்பட்டி டவுசரோடு நான் நடு அறையில் நின்றேன். வாசலில் சபீனா நின்றார். பலகையில் கிடந்த அக்கா தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏலே, வேட்டியப் புடிலே!” என்றாள்.

சிரிப்பு எல்லாம் இப்போதுதான் வருகிறது. அன்றைக்கு வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவன் முள்வாங்கி போய் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். மிஷினின் வாயில், அக்கா முகத்துக்குச் சரியாக ஒரு சாண் மேலே. ஊசி முனை அவள் பக்கம் பார்த்திருந்தது. அவள் காலைக் காப்பாற்றக் கூட்டி வந்தவன் அவள் கண்ணைப் பறித்திருப்பேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

சபீனா என்னைத் திட்டவில்லை. நேரே அக்காவிடம் போய் முகம், கண், காது எல்லாம் தொட்டுப் பார்த்தார். “ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்று பலகையை நகர்த்தி அவளை வெளியே கொண்டு வந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, அப்படியே பின்னால நடந்து வெளிய போங்க” என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அவர் ஒரு அடி அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தபடி நான் பின்னால் நடந்தேன்.

வெளியே அத்தான் துண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, ஸ்கேன் ஒனக்கா எடுத்தாவ?” என்றார்.

மணி ஒன்றே கால். உள்ளே அந்த இரும்பு இருக்கிற வரைக்கும் படம் எடுக்க முடியாது. எடுத்தால் அது இருக்கிற பக்கம் எல்லாம் கோணல்மாணலாக விழும் என்றார் சபீனா.

“அப்ப மெசின ஆஃப் பண்ணிட்டு எடுத்துருங்கம்மா” என்றேன் கெஞ்சலாக.

“இதுக்கு ஆஃப் கெடையாது அண்ணாச்சி.”

“கரண்டுதான் போச்சே?”

“போனது லைட்டுக்குள்ள கரண்ட். இதுக்குள்ள ஓடுதது, மெசின் வந்து எறங்கின அன்னைக்கு உள்ள விட்டது. நாலு வருசமாச்சு. இன்னும் ஓடிட்டே இருக்கு.”

எனக்கு விளங்கவில்லை. செல்போனில் மிஷின் கம்பெனி இன்ஜினியரைப் பிடிக்க முயன்றபடியே சபீனா சொன்னார். அந்தச் சுருள் ஹீலியத்தில் முங்கிக் கிடக்கிறது. நாம் நினைத்தே பார்க்க முடியாத குளிர். அந்தக் குளிரில் அந்தக் கம்பி கரண்டைக் கொஞ்சங்கூடத் தடுக்காது. “தடுக்க ஆள் இல்லன்னா அது ஏன் நிக்கணும்? சுத்திக்கிட்டே கெடக்கும். கரண்ட் நிக்காத வரைக்கும் காந்தமும் நிக்காது. ராத்திரி நாங்க பூட்டிட்டுப் போனாலும் இது முழிச்சுத்தான் இருக்கும்.” அதை நிறுத்தணும் என்றால் ஹீலியத்தை எல்லாம் வெளியே விடணும். மறுபடி ரொப்பி ஓட வைக்க நாள் கணக்காகும்.

வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்த நிலையிலும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். அதுவரை நான் பார்த்த காந்தம் எல்லாம் அள்ளிப் போட்டாலும் இதன் கால் தூசி ஆகாது. என் மினிபஸ்ஸில் பயில்வான்களே தள்ளினாலும் ஆள் இத்தனை, பலம் இத்தனை என்று ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே தள்ளுகிற ஆளே இல்லை. ஒரு தடவை ஓட விட்டார்கள், களைப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் எங்கே? நான் தினமும் புரோட்டா தின்னப் போகிற தெருவில்! இத்தனை நாளாக அதன் வாசலைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்ஜினியர் போனில் கிடைத்தார். எத்தனை நீளம், எவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் கேட்க, நான் சொல்லச் சொல்ல சபீனா ஒப்பித்தார். சின்னச் சாமான்தான், உள்ளே ஆள் யாரும் இல்லாமல், கையால் பதனமாக எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சபீனா கையில் கனமான துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். நானும் அத்தானும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒட்டின காந்தத்தை நேராகப் பிடுங்கக் கூடாது. பக்கவாட்டில் வழுக்கி நகர்த்தணும். இது என் தொழிலில் பாதி ரகசியம். கண்ணாடியைத் தட்டி அதைச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஊசி முனையைத் துணிக்குள் பொத்திப் பிடித்து, மிஷின் சுவரை ஒட்டியே அங்குலம் அங்குலமாக வெளிப்பக்கம் நகர்த்தினார். விளிம்புக்கு வந்ததும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார். முரட்டுக் கன்றைக் கயிற்றோடு இழுக்கிற மாதிரி இருந்தது பார்க்க. அவசரப்படவே இல்லை. பிடியை ஒரு நொடி விட்டாலும் அது பாய்ந்துவிடும் என்று தெரிந்த கை அது. சிவப்புக் கோடு வந்ததும் தோள் தளர்ந்தது.

வெளியே வந்து மேசையில் முள்வாங்கியை வைத்தபோதுதான் பார்த்தேன். அவ்வளவு ஏ.சி.யிலும் நெற்றி வேர்த்திருந்தது. இந்தப் பெண்ணுக்கும் பயம் இருந்திருக்கிறது, எங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சிருங்கம்மா, நா பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

“அத விடுங்க. மணி ரெண்டாகப் போகுது. அக்காவக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். வெளியே கொண்டு வந்து உட்கார வைத்திருந்த தள்ளு வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கால் போனாப் போகட்டும், உசுரோட வீட்டுக்குப் போறேன்” என்றாள். அத்தான் சொல்லிப் பார்த்தார். நான் காலில் விழாத குறை. சபீனா அவள் பக்கத்தில் குனிந்து, கைக்குள் ஒரு ரப்பர் பந்தை வைத்தார். “இத அமுக்குனீங்கன்னா அடுத்த நிமிசம் நான் உள்ள வந்துருவேன். சத்தியமா” என்றார்.

அக்கா பந்தைப் பார்த்தாள். சபீனாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இந்தப் பய உள்ள வரமாட்டான்ல?”

“வரமாட்டாவம்மா.”

“அப்பச் சரி” என்றாள் அக்கா.

தம்பி இருந்தால்தான் படுப்பேன் என்றவள், தம்பி இல்லை என்ற உறுதிமொழியின் பேரில் உள்ளே போனாள். அரை மணி நேரம் மிஷின் டமடமவென்று அடித்த சத்தத்தை வாசலில் உட்கார்ந்து கேட்டேன். அக்கா ஒரு தடவைகூடப் பந்தை அமுக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு, வேட்டியை அத்தான் துண்டிலிருந்து எடுத்துக் கொடுத்த என் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு, நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப உள்ளே நடந்தார். அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. நான்காம் நாள் அக்காவின் இடது கால் பெருவிரல் அசைந்தபோது அத்தான் வார்டுக்கு வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்து சபீனாவைப் பார்க்கப் போனேன். முள்வாங்கியைப் பத்திரமாகக் கவரில் போட்டு வைத்திருந்தார். “அண்ணாச்சி, இங்க பாருங்க” என்று அதைக் காகிதக் கிளிப்புகள் பக்கம் கொண்டுபோனார். நாலைந்து கிளிப் ஒட்டிக்கொண்டு தொங்கின. அந்த மிஷின் வாயில் கொஞ்ச நேரம் இருந்ததற்கே, கொல்லர் பட்டறை இரும்புக்குள் தாறுமாறாகக் கிடந்த ஆட்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிட்டிருந்தார்கள். சுவரில் ‘உள்ளே கொண்டு வரக் கூடாதவை’ என்ற அட்டையின் அடியில் புதிதாகப் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது: ‘அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி (வெட்கப்படாமல் சொல்லவும்).’ என் பேர் போடவில்லை, நன்றி. முள்வாங்கியை அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். கீழே சிந்துகிற ஊக்கைப் பொறுக்க அவளுக்கு அதுதான் இப்போது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. “வேட்டியப் புடி!” என்று முதலில் கத்துகிறவர்கள் யார் என்றுதான் போட்டி. சேலை கட்டியவர்களும் கத்துவார்கள்.

போன வைகாசியில் அக்கா மகள் கல்யாணம். சவுண்ட் நான்தான், வேறு யார்? சபீனா குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முக்காட்டில் அன்றைக்குக் கல் வைத்த பின் இரண்டு மினுங்கின. (அன்று அவருக்கு லீவு.) தாலி கட்டி முடித்து, மாலை மாற்றிக்கொண்டிருக்கும்போது மண்டபத்தில் கரண்ட் போனது. ஜன்னல் எல்லாம் திரை போட்டு மூடிய மண்டபம். ஒரே இருட்டு. அப்புறம் மேடையிலிருந்து அக்காவின் குரல், மைக் இல்லாமலே மண்டபம் அதிர:

“ஏலே தம்பி, வேட்டியப் புடி!”

எங்கள் ஆட்கள் நாலா பக்கமும் அதையே கத்தினார்கள். ஒன்றும் விளங்காத மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகள் பயத்தில் ஆளுக்கு ஆள் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தபோது பார்த்தால், அக்கா மேடையில் இல்லை. படி இறங்கி, கீழே கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில் இருட்டிலேயே நடந்து வந்து, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்றிருந்த என் வேட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். இடது கால் செருப்பு காலிலேயே இருந்தது.